திவ்யா எழுதிய பகுதி

நான் மலேசியாவின் ஜொகூர் பாருவில் பல்கலைக்கழகத்தில் படித்தபோது நடந்தது இது. இணையவழிப் பாடங்கள் மாணவர்களுக்கு எப்படி உதவுகின்றன என்று எங்கள் குழு ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. ஆளுக்கொரு பகுதியாக, இணையத்தில் ஒரே கோப்பில் எழுதிக்கொண்டிருந்தோம். அதற்குள் என் தோழி திவ்யா டிங்கிக் காய்ச்சலில் இறந்துபோனாள்.

கட்டுரையை அனுப்ப வேண்டிய நாளில், அவள் முடிக்காமல் விட்ட பகுதியை அழிப்பதா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்தேன். அப்போது கோப்பின் மேல்மூலையில் திவ்யாவின் பெயர் தோன்றியது. அவள் உள்ளே வந்திருப்பதாகக் காட்டியது. அவள் எண்ணுக்கே அழைத்தேன். கூலாயில் இருந்த அவள் வீட்டிலிருந்து அவள் அப்பா எடுத்தார்.

"அங்கிள், திவ்யா லேப்டாப்ப திறந்திருக்கீங்களா?"

"ஆமாம்மா, சும்மா பாக்கலாம்னு. எல்லாம் இங்கிலீஷா இருக்கு லா. இதுல எம்மக எழுதினது எதும்மா?"

அவள் எழுதியதைத் தமிழில் மெதுவாகச் சொன்னேன். "பஸ்ஸிலேயே பாடத்தைக் கேட்டு முடித்துவிடுகிறேன். அதனால் வீட்டுக்குப் போனதும் நானும் அப்பாவும்..."

"நானும் அப்பாவும்? அப்புறம் என்னம்மா?"

"அதோட நிக்குது அங்கிள்."

"சரிம்மா" என்றார். ஆனால் அழைப்பைத் துண்டிக்கவில்லை. நானும் துண்டிக்கவில்லை.

அந்த வரியை நாங்கள் அழிக்கவில்லை, முடிக்கவும் இல்லை. அப்படியே அனுப்பினோம்.

இப்போதெல்லாம் வேலை முடிந்து வந்ததும் என் அப்பா பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருகிறேன். பேச ஒன்றும் இருக்காது. இருந்தாலும் உட்காருகிறேன்.