எளாவூர்க்காரர்களுக்கு மட்டும் சோறு

கம்பெனி பஸ் நேரத்தை மாற்றுவதற்காக, எளாவூரிலிருந்து வருகிறவர்கள் மட்டும் தெரியும்படி ஆள் பட்டியலில் நேற்று ஒரு ஃபில்டர் போட்டேன். அதை அப்படியே சேவ் செய்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

இன்று காலை சூப்பர்வைசர் ஏழுமலை அதே பட்டியலைத் திறந்தார். கீழே இருந்த எண்ணிக்கையைப் பார்த்து கேன்டீன் பஷீர் பாய்க்குப் போன் போட்டார்.

"இன்னிக்கு முப்பத்தெட்டு சாப்பாடு பாய்."

"தெனம் இருநூறாச்சே. மத்தவங்கல்லாம் எங்க பூட்டாங்க நைனா?"

"கம்ப்யூட்டர்ல இல்ல. அப்ப வரலன்னுதான் அர்த்தம்."

சொன்னவருக்கு எதிரே நூறு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

பகல் ஒரு மணிக்குச் சாப்பாட்டு வரிசை கேட் வரை நின்றது. வேறு வழியில்லாமல் பாயிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"அந்த லிஸ்டு உன் கைல கீதா சார்?"

பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். வாசலில் ஒட்டினார்.

"இதுல பேர் இருக்கறவங்க மட்டும் உள்ள வாங்க. மத்தவங்களுக்கு பிஸ்கட்டு."

நான் திருவள்ளூர்க்காரன்.

பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே ஃபில்டரை எடுத்தேன். இருநூறு பேரும் திரும்பி வந்தார்கள், சோறுதான் வரவில்லை.

தான் போட்ட ஃபில்டரில் தானே வெளியே நின்றவர்கள் வேறு யாராவது உண்டா? சாப்பிட்டுவிட்டு வந்து சொல்லுங்கள்.