ஐம்பது நிமிடம்

ஓசூருக்கு விமான நிலையம் வரப்போகிறதாம். கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் பையன்கள், இங்கிருந்து சேலத்துக்கு எத்தனை நிமிடம், தூத்துக்குடிக்கு எத்தனை நிமிடம் என்று பேசிக்கொள்கிறார்கள். என்னையும் கேட்டார்கள். தெரியாது என்றேன். பத்து வயதில் ஒருமுறை அந்தக் கணக்கைப் போட்டுச் சொல்லியிருக்கிறேன், அது போதும்.

அன்று தளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் தாத்தா இறந்து கிடந்தார். கொள்ளி வைக்க வேண்டிய மூத்த மகன், என் பெரியப்பா, மங்களூரில் வேலையில் இருந்தார். நிலத் தகராறில் தாத்தாவோடு பேச்சை முறித்துக்கொண்டு போனவர். வருவாரா என்று ஊரே முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது தந்தி வந்தது: பன்னிரண்டு மணி விமானத்தில் வருகிறேன், காத்திருங்கள்.

விமானத்தை அண்ணாந்து பார்த்ததைத் தவிர எங்களில் யாருக்கும் அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. நான் பள்ளி நிலப்படப் புத்தகத்தை விரித்து, மங்களூரிலிருந்து பெங்களூருக்கு நூல் பிடித்து அளந்தேன். முந்நூறு கிலோமீட்டர். பாடத்தில் படித்த வேகத்தால் வகுத்தேன்.

"அம்பது நிமிசம். ஒரு மணிக்கெல்லாம் வந்துருவாரு."

"அடேங்கப்பா, இன்ஜினீயரு!" என்று ஊர்ப் பெரியவர் என்னை இழுத்துத் தன் பக்கத்தில் பெஞ்சில் உட்காரவைத்துக்கொண்டார்.

இரண்டு மணிக்கு அவர் என் அப்பாவைச் சீண்டினார். "ஏம்பா, உங்கண்ணன் பறந்து வரானா, நடந்து வரானா?"

சிலர் சிரித்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் நூல் பெங்களூரோடு நின்றுவிட்டது. அங்கே இறங்கி ஓசூருக்கு ஒரு பஸ், ஓசூரிலிருந்து தளிக்கு இன்னொரு பஸ், பிறகு ஊருக்கு நடை. இது எதுவும் என் கணக்கில் இல்லை. சொல்லிவிட எழுந்தேன்.

"இன்ஜினீயரு எங்க கெளம்பிட்டாரு?" என்றார் பெரியவர். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். உட்கார்ந்துவிட்டேன். பயத்தால் அல்ல. அந்தப் பெயரை இழக்க மனம் வரவில்லை.

நாலரை மணிக்குப் பெரியவர் முடிவாகச் சொன்னார். "அம்பது நிமிசத்துல வர்றவன் இன்னும் வரலன்னா அவன் ஏறவே இல்லப்பா. தந்தி குடுத்து ஏமாத்திப்புட்டான். பொழுது எறங்குது, தூக்குங்க."

அப்பா என் பக்கம் திரும்பினார். "கணக்கு சரிதானாடா?"

"சரிதாம்பா" என்றேன்.

அப்பாவே கொள்ளி வைத்தார். தீ நன்றாகப் பற்றிய பிறகு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு உழவு நிலத்தின் குறுக்கே ஒருவர் ஓடிவந்தார். கோபம் வந்தால் கன்னடத்தில் திட்டித் தீர்க்கும் பெரியப்பா, அன்று மூச்சு வாங்கியபடி தமிழில், மெதுவாகத்தான் கேட்டார்.

"காத்திருங்கன்னு சொன்னேனே. யாருடா அவசரப்படுத்துனது?"

பெரியவர் வேறு பக்கம் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நான்தாண்ணா" என்றார் அப்பா.

பெரியப்பா வீட்டுக்கு வரவில்லை. வந்த வழியே போனார். தம்பி தன் உரிமையைப் பறித்துக்கொண்டதாகவே கடைசிவரை நம்பினார். அப்பா இறந்தபோது தந்தி கொடுத்தோம். பதில் இல்லை.

அன்று எனக்கு அதெல்லாம் தெரியாது. துக்கத்தில் அப்பா என் கணக்கை மறந்தே போய்விட்டார் என்று நினைத்து நிம்மதியாகத் தூங்கினேன்.