நான் கேட்ட வரலாற்றுக் குரூப்

பார்மலின் நெடி மூக்கில் ஏறினால் கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும். அதனால் பதினொன்றாம் வகுப்பு முழுவதும் விலங்கியல் ஆய்வகத்தில் நான் அழுதது ஒருவருக்கும் தெரியாமல் போயிற்று. மெழுகுத் தட்டில் நான்கு காலிலும் ஊசி குத்திக் கிடந்த தவளையைப் பார்த்தபடி, மணி அடிக்கக் காத்திருப்பேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் வீடு பழங்காநத்தத்தில் இருந்தது. வரலாறு என்றால் எனக்கு உயிர். பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்தால் கேட்ட "குரூப்பை"க் கொடுத்துவிடுவார்கள் என்று நம்பி விழுந்து விழுந்து படித்தேன். நான் செய்த தப்பே அதுதான். மார்க் குறைந்தவர்களுக்கு வரலாறு, கூடியவர்களுக்கு முதல் குரூப்பான கணக்கும் உயிரியலும் என்பது எந்தச் சட்டத்திலும் இல்லை, ஆனாலும் யாரும் அதை மீறியதில்லை.

அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த அப்பா, மார்க் பட்டியலைத் தெருவெல்லாம் காட்டிவிட்டு வந்து, "இம்புட்டு மார்க் எடுத்துட்டு யாராச்சும் ராசா கதையப் படிப்பாகளா, தாயி?" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

வரலாற்று டீச்சர் தலைமையாசிரியையிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று, சேர்க்கைக்கு முதல் நாள் டீச்சர் முன்னால் போய் நின்றேன். வகுப்பில் என்னை எழுப்பி நிறுத்திப் பாராட்டிய அதே டீச்சர், "மார்க் வராத பிள்ளைகளத்தான் என் கிளாஸ்ல தள்ளிவிடுறாக. நீயாச்சும் தப்பிச்சுப் போம்மா" என்றார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

பக்கத்து வீட்டுச் செல்விக்கு நர்சாக ஆசை. மார்க் போதாமல் வரலாற்றில் போய் விழுந்தாள். "ரெண்டு பேரும் மாத்திக்கிருவமாடி?" என்று பள்ளிக்குப் போகும் வழியெல்லாம் கேட்பாள். மாற்றிக்கொள்ள அது என்ன தாவணியா?

அந்தப் பள்ளியில் இப்போது வரலாற்றுக் குரூப்பே கிடையாது. சேர ஆளில்லை என்று எடுத்துவிட்டார்கள். பள்ளியில் எதைக் கட்டாயமாக்கலாம், எதைப் பிள்ளைகளின் விருப்பத்துக்கு விடலாம் என்று யாராவது கேட்டால் ஒரு மணி நேரம் விடாமல் பேசுவேன். என் மகள் பத்தாவதில் நிறைய மார்க் எடுத்து, ஆர்ட்ஸ் குரூப் போதும் என்று படிவத்தோடு வந்து நின்றாள். படிவத்தை வாங்கி, முதல் குரூப் என்று நானே எழுதிக் கொடுத்தேன்.