நாங்களே அரைத்த கறித்தூள்

என் மனைவிக்கு என்ன நோய் என்று டாக்டர் சொன்ன அன்று எனக்கு அந்தப் பெயரே வாயில் நுழையவில்லை. அரசாங்க மருத்துவமனையில் ஒரு சின்ன அறை. டாக்டர் பாதி மலாயிலும் பாதி ஆங்கிலத்திலும் பேசினார். தொண்டை வழியாகக் கேமரா விட்டு எடுத்த படத்தைத் திருப்பிக் காட்டினார். குடலின் உள்பக்கம் நூல் தேய்ந்துபோன பழைய துண்டு மாதிரி வழவழவென்று இருந்தது. கோதுமையில் குளூட்டன் என்று ஒன்று இருக்கிறது, அதை இவருடைய உடம்பு எதிரியாக நினைக்கிறது, உள்ளே போகும்போதெல்லாம் குடல் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்கிறது என்றார். மருந்து எதுவும் கிடையாது. அதைச் சாப்பிடாமல் இருப்பதுதான் மருந்து.

வெளியே வந்து கார் பக்கம் நடக்கும்போது மனைவி கேட்டாள்.

"என்னங்க, குளூட்டன்னா என்ன? சக்கரையா, கொழுப்பா?"

"மாவுல இருக்கற பசை மாதிரி ஒண்ணாம்."

"எந்த மாவு?"

"கோதும மாவு."

"அப்ப அரிசி மாவு?"

"அது பரவால்லன்னு நெனக்கிறேன்."

"நெனக்கிறீங்களா, தெரியுமா?"

தெரியாது. ஆனாலும் தெரிந்தவன் மாதிரி தலையை ஆட்டினேன்.

நான் ராசா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் ஸ்டோர் கணக்குப் பார்க்கும் கிராணி. உரம், களைக்கொல்லி, பூச்சிமருந்து எல்லாம் என் பூட்டுக்குள் இருக்கும். டப்பாவை வெளியே கொடுக்கும் முன், மேலே ஒட்டியிருக்கும் எச்சரிக்கையை முழுக்க வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கொடுப்பேன். அவசரத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோரே வந்து நின்றாலும் அப்படித்தான். என் மனைவி ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் சாமான்களைச் சோதித்துப் பார்க்கும் வேலை செய்கிறாள். பத்தாங் காலியில் ஒரு தாமான் குடியிருப்பில், வரிசை வீடொன்றில் இருக்கிறோம். ஒரே மகள் புஞ்சாக் ஆலாமில் பல்கலைக்கழக விடுதியில் தங்கிப் படிக்கிறாள், சனிக்கிழமைகளில் வருவாள்.

அதற்கு முந்தைய இரண்டு வருடங்களில் மனைவி பாதியாகிவிட்டிருந்தாள். ரத்தம் குறைந்துகொண்டே போனது. கன்னம் ஒட்டி, வயிறு மட்டும் உப்பி நின்றது. கோயிலில் ஒருத்தி, இந்த வயதில் இன்னொன்றா என்று கேட்டே விட்டாள். அதனால் நோய்க்கு ஒரு பெயர் கிடைத்ததே எங்களுக்குப் பெரிய நிம்மதிதான். பெயர் கிடைத்த பிறகுதான் குழப்பம் ஆரம்பித்தது.

உணவு ஆலோசகர் ஒரு மலாய்க்காரப் பெண். பொறுமையாகச் சொன்னார். பரோட்டா மாதிரி சுடும் ரொட்டி சானாய் கூடாது, மீ நூடுல்ஸ் கூடாது, சப்பாத்தி கூடாது. அதெல்லாம் புரிந்தது. ரவையும் சேமியாவும் கோதுமைதான் என்றபோது நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அதற்கு முதல் நாள்தான் கேசரி கிண்டியிருந்தேன். கிச்சாப் என்கிற கறுப்புச் சோயா சாஸிலும் கோதுமை இருக்கும் என்றார். கடைசியாக, பாக்கெட்டில் வரும் கறித்தூளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள், சிலவற்றில் மாவு கலந்திருக்கும், முடிந்தால் வீட்டிலேயே அரைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

வேலை முடிந்து வந்தால் மனைவிக்கு நிற்கவே தெம்பில்லாததால் சமையல் அப்போது என் கைக்கு வந்திருந்தது. அந்தச் சனிக்கிழமை மகளை உட்கார வைத்து அளவுகளை எழுதச் சொன்னேன். மல்லி ஒரு கிலோ, காய்ந்த மிளகாய் அரைக் கிலோ, சீரகம், சோம்பு, மிளகு, கொஞ்சம் வெந்தயம், மஞ்சள், பட்டை, கிராம்பு. ஞாயிற்றுக்கிழமை வெயிலில் காயவைத்து, ஒவ்வொன்றாக வறுத்தேன். மிளகாய் நெடியில் மூன்று பேரும் தும்மினோம். மூட்டையைக் கட்டிக்கொண்டு நானும் மகளும் மாவு மில்லுக்குப் போனோம்.

மில்காரரிடம் மகள்தான் கேட்டாள். "அண்ணே, இந்த மெஷின்ல வேற என்ன அரைப்பீங்க?"

"எல்லாந்தான் அரைப்பேன். காலைல கூட ஒரு அம்மாவுக்குக் கோதும அரைச்சுக் குடுத்தேன்."

"மெஷின கழுவுவீங்களா?"

"மெஷின யாரும் கழுவுவாங்களா தங்கச்சி? தொடச்சு விட்டுருவேன்."

மகள் என்னைப் பார்த்தாள். "பா, சீரியஸ்லி, வேணாம் லா."

அரைக்காமலேயே திரும்பி வந்தோம். மறுவாரம் வீட்டுக்கென்று ஒரு சின்ன அரவை மெஷின் வாங்கினேன். புது டப்பா, புதுக் கரண்டி, புதுச் சல்லடை. நாங்களே அரைத்த தூளில் முதல் மீன் கறி வைத்த அன்று மனைவி இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டாள். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

சரியாகவில்லை. கொஞ்சம் தேறுவாள், பிறகு ஒரு நாள் திடீரென்று வயிறு உப்பி, கழிவறைக்கும் கட்டிலுக்குமாக நடப்பாள். அப்போதெல்லாம் நான் செய்யும் வைத்தியம் ஒன்று இருந்தது. வாயுவுக்கு நல்லதென்று மோரில் உப்பும் பெருங்காயத் தூளும் தாராளமாகப் போட்டுக் கலக்கிக் கொடுப்பேன். முகத்தைச் சுளிக்காமல் குடிப்பாள். இரண்டாவது முறை கறித்தூள் அரைத்தபோது, வயிற்றுக்கு இதமாக இருக்கட்டும் என்று மகள் எழுதிய பட்டியலில் இல்லாத பெருங்காயத்தையும் நானாகவே ஒரு கைப்பிடி சேர்த்தேன். மணமும் நன்றாகத்தான் இருந்தது.

மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை. டாக்டர் கணினியைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். நோயைக் காட்டும் எண்கள் இறங்கவே இல்லை. "எங்கிருந்தோ உள்ளே போகிறது" என்று மட்டும் சொன்னார்.

எங்கிருந்து? வீட்டில் நான் சமைக்கிறேன். நான் வாங்குகிறேன். நான் அரைக்கிறேன். வீட்டில் வழியே இல்லை. அப்படியென்றால் வீட்டுக்கு வெளியே. அவள் வேலையிடத்து கேன்டீனில் காலையில் ரொட்டி சானாய் சுடுவார்கள். பதினெட்டு வருடமாக அங்கேதான் பசியாறினாள். இப்போது நான் கட்டித் தரும் இட்லியை எடுத்துப் போகிறாள். அதை உண்மையிலேயே சாப்பிடுகிறாளா? இந்தக் கேள்வி ஒருமுறை மனதுக்குள் வந்த பிறகு போகவே இல்லை. அவள் வீட்டுக்கு வந்ததும் முகத்தைப் பார்ப்பேன். "இன்னிக்கு என்ன பசியாறுன?" என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்பேன். "நீங்க குடுத்ததுதான்" என்பாள். எனக்கு அது மனப்பாடம் செய்த பதில்போலத் தோன்றும்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவள் குளிக்கப் போயிருந்தபோது அவளுடைய கைப்பையைத் திறந்தேன். முப்பது வருடத்தில் நான் அதைத் திறந்ததே இல்லை. சாவி, சீப்பு, வேலை அட்டை, தலைவலித் தைலம். அடியில் மடித்து வைத்த பிஸ்கட் உறை ஒன்று. காலி.

அவள் ஈரத் தலையோடு வந்தபோது உறையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இது என்ன?"

அவள் உறையைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். "பஸ்ல பக்கத்துல ஒக்கார்றவ சாப்பிட்டா. குப்பத்தொட்டி இல்லன்னு பையில வச்சேன்."

"நான் இங்க அடுப்புக்கிட்ட நின்னு சாவறேன். நீ அங்க பிஸ்கட் தின்னுட்டு வர்றியா?"

"நான் சொல்றத நம்ப மாட்டீங்களா?"

"எப்படி நம்பறது? ரத்தம் பொய் சொல்லுமா?"

அவள் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்றிரவு சோற்றில் ரசம் மட்டும் ஊற்றிச் சாப்பிட்டாள். அந்த ரசத்திலும் பெருங்காயம் போட்டிருந்தேன்.

அதன் பிறகு எட்டு நாள் தேவைக்கு மட்டும் பேசினோம். அடுத்த சனிக்கிழமை காலை, வீட்டில் பெருங்காயம் தீர்ந்துவிட்டதால், வரும் வழியில் ஒன்று வாங்கி வரச் சொல்லி மகளுக்குச் செய்தி அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் கடையிலிருந்து அவளே அழைத்தாள்.

"பா, எதுக்குப் பெருங்காயம்? நம்ம லிஸ்ட்ல அது இல்லயே."

"நான்தான் சேத்துக்கிட்டேன். வயித்துக்கு நல்லது."

"பா, இந்தப் பெட்டியில வீட் ஃப்ளார், கோதும மாவுன்னு போட்டுருக்கு."

"அது வேற ஏதாச்சும் பெட்டியா இருக்கும். பெருங்காயம் மரத்துப் பால் மா. அதுல எப்படிக் கோதும வரும்?"

"இங்க நாலு விதம் இருக்கு. மூணுல கோதும மாவு, ஒண்ணுல அரிசி மாவு. வீட்ல உள்ள டப்பாவ எடுத்துப் படிங்க."

காலி டப்பா குப்பையில் கிடந்தது. எடுத்துத் துடைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கம் திருப்பினேன். எறும்பு ஊர்கிற மாதிரி பொடி எழுத்து. முதல் சொல்லே கோதுமை மாவு. அதற்குப் பிறகுதான் பெருங்காயம். ஃபோனில் மகள் "பா? பா?" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். தோட்டத்தில் விஷ டப்பாவைத் திருப்பித் திருப்பி வாசிக்கிறவன் நான். இந்த மஞ்சள் டப்பாவைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

மனைவி பின்வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். டப்பாவை நீட்டிச் சொன்னேன். சொல்லும்போதே வார்த்தைகள் முன்னும் பின்னுமாக வந்தன. அவள் பாதியிலேயே புரிந்துகொண்டாள்.

"எத்தன மாசமா?"

"மூணு, நாலு மாசம் இருக்கும்."

"மோர்லயுமா?"

"மோர்லதான் அதிகம்."

அவள் கையிலிருந்த துணியை உதறி, கொடியில் போட்டு, கிளிப் மாட்டினாள். திட்டுவாள் என்று நின்றேன். சிரிப்பாளோ என்றும் ஒரு நிமிடம் தோன்றியது. இரண்டும் இல்லை.

"பெருங்காயத்த விடுங்க. தெரியாம நடந்துச்சு. பைய எதுக்குத் தொறந்தீங்க?"

"பயமா இருந்துச்சு" என்றேன். அது உண்மைதான். ஆனால் முழு உண்மை இல்லை என்று எனக்கே தெரிந்தது. கோபமும் இருந்தது. நான் இவ்வளவு செய்கிறேன், இவள் தேற மறுக்கிறாளே என்ற கோபம். நோயாளி மீது அப்படி ஒரு கோபம் வருமென்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

அன்று மதியமே இருந்த கறித்தூளை எல்லாம் கொட்டினோம். சல்லடை, மர அகப்பை எல்லாம் குப்பைக்குப் போனது. அரவை மெஷினை மகள் பழைய பல்துலக்கியால் இடுக்கு இடுக்காகத் தேய்த்துக் கழுவினாள். அடுத்த நாள் மூன்று பேருமாக மறுபடியும் வறுத்தோம். ஒவ்வொரு பாக்கெட்டையும் மனைவி சத்தமாக வாசித்தாள். நான் கிண்டினேன்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது வந்து எதிரில் உட்கார்ந்தாள். அவளும் கீரையை ஆய ஆரம்பித்தாள். பிறகு குனிந்தபடியே சொன்னாள்.

"அந்த பிஸ்கட்டு. அவ குடுத்தா. நானும் ஒண்ணு சாப்பிட்டேன்."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"ஒண்ணுதான். ஆச மட்டும் இல்ல. எனக்கு முடியலன்னு யார்க்கிட்டயும் சொல்லப் பிடிக்கல. சும்மா எல்லாரும் மாதிரி வாங்கித் தின்னுட்டேன்."

எனக்கு என்ன வந்தது என்று இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை. நான் சந்தேகப்பட்டது சரி என்றால் நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் டம்ளர் டம்ளராகக் கொடுத்ததற்கு முன் அந்த ஒரு பிஸ்கட் எந்த மூலைக்கு? பொய் சொன்னாளே என்று கோபப்படவும் முடியவில்லை. பையைத் திறந்தவன் நான். "சரி" என்றேன். அவள் கீரைத் தண்டுகளை ஒதுக்கினாள். அவ்வளவுதான் பேசினோம்.

ஆறு மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் எண்கள் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தன. கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. பழைய ரவிக்கைகள் மறுபடியும் பொருந்தின. அன்று உணவு ஆலோசகர் எங்களை வெளியே நிறுத்தி, காத்திருந்த ஒரு தமிழ்த் தம்பதியைக் காட்டி, இவர்களுக்கு மலாய் சரியாக வரவில்லை, நீங்கள் தமிழில் கொஞ்சம் சொல்லுங்கள் என்றார். கோலா சிலாங்கூர் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து வந்தவர்கள். அந்த மனிதருக்குத்தான் நோய். கையில் மருத்துவமனைத் தாளை வைத்துக்கொண்டு விழித்தார்.

"அண்ணே, குளூட்டன்னா என்னண்ணே?"

ஒரு வருடமாக அதோடு குடும்பம் நடத்துகிறேன். வாயைத் திறந்தால் சொல் வரவில்லை. பசை என்றேன். மாவு என்றேன். சத்து என்றும் சொல்லிப் பார்த்தேன். அவர் முகம் இன்னும் குழம்பியது. என் மனைவி என்னை விலக்கிவிட்டு அவருடைய மனைவியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"மொதல்ல சோறு தாராளமா போடுங்க, அதுல பயம் இல்ல" என்று ஆரம்பித்தாள். "பேனா இருக்கா? கறித்தூளுக்கு அளவு சொல்றேன், எழுதிக்குங்க."