அரை சுரம் கீழே

ரோஸ்விட்டா கெட்லரின் பெயரை எங்கள் ஊர்ச் சுவரொட்டிகளில் படிக்க மூக்குக்கண்ணாடி போதாது. பாடுகிறவர் பெயர் உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும். அடியில், அச்சகத்தின் முகவரிக்குச் சற்று மேலே, ‘பியானோ: ஆர். கெட்லர்’. ஜெர்மனியில் எல்பெ ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் இசைக்கல்லூரியில் முப்பத்தொரு வருடமாக இதே கதைதான். நான் அங்கே நூலகர். கச்சேரிகளில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து இசைக்குறிப்பு நோட்டின் பக்கம் புரட்டுகிறவளும் நான்தான்.

ரோஸ்விட்டா டிராம் ஓட்டுநரின் மகள். கறுப்பு ரொட்டியும் வெள்ளரி ஊறுகாயும் நின்றுகொண்டே தின்றுவிட்டு அடுத்த வகுப்புக்கு ஓடுவாள். பாடகர்கள் தப்பான இடத்தில் மூச்சு வாங்கினால் அவள் விரல்கள் காத்திருக்கும். அவர்கள் ஒரு வரியை விழுங்கினால் அவளும் அந்த வரியைத் தாண்டிவிடுவாள். கைதட்டல் மட்டும் முழுக்க அவர்களுக்கு.

அதில் பெரும்பங்கை வாங்கிக்கொண்டவர் வாய்ப்பாட்டுத் துறைத் தலைவர், பேராசிரியர் மால்ஹோ. அவருக்கென்றே ஒரு பாட்டு உண்டு. படகுக்காரனின் மனைவி இருட்டுகிற நேரத்தில் படகுத்துறையில் காத்திருக்கிறாள். பியானோவின் இடது கை துடுப்புப் போடுவது போல விடாமல் போய்க்கொண்டிருக்கும். எஃப் மைனர் சுருதி. நோட்டின் தலையில் ‘மெதுவாக, ஆனால் இழுக்காமல்’ என்று போட்டிருக்கும். அந்த ஒரு வரிக்காக மாணவர்களை ஒரு மணி நேரம் வறுத்தெடுப்பார். தான் பாடும்போது மட்டும் ஒவ்வொரு உச்ச சுரத்திலும் குடியேறிவிடுவார். ஊருக்குத்தான் உபதேசம்.

“சுருதிங்கறது கழட்டி மாட்டற சட்டையில்ல. அது தோல்! எஃப் மைனரை இறக்கினா அந்தப் பொம்பளையோட துக்கமே செத்துப்போகும்” என்பார்.

இந்த மனிதருக்கு ஐம்பத்தெட்டு வயதில் ஓர் ஒத்திகையில் உச்ச சுரம் உடைந்தது. வானிலையைத் திட்டினார். மறுநாள் ரோஸ்விட்டா அதே நோட்டை விரித்துவைத்து, அரை சுரம் கீழே வாசித்தாள். தாளில் ஒன்று, விரலில் ஒன்று. அவர் அலுங்காமல் பாடி முடித்து, “என் குரலுக்கு வயசே ஆகல, பாத்தீங்களா!” என்றார். இரண்டு வருடம் கழித்து முழு சுரம் இறக்கினாள். அப்போதும் அவருக்குத் தெரியவில்லை. சுருதி தோலாம்! தன் தோல் உரிந்ததே தெரியாத ஆள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “எதுக்குடி இந்த வேலை?” என்று கேட்டேன்.

“பாவம், வயசாகுது. விடு, இருந்துட்டுப் போகட்டும்.”

இந்தப் பிப்ரவரியில் ஸ்வாண்யே ரீக் என்ற மாணவியின் இறுதித் தேர்வு வந்தது. மீன் கடைக்காரர் மகள். வடக்கே ஒரு நாடக அரங்கில் வேலை தயாராக இருந்தது. பட்டம் கையில் இல்லாவிட்டால் அது இல்லை. அந்த வாரம்தான் காய்ச்சலில் படுத்து எழுந்திருந்தாள். ‘அரை சுரம் கீழே பாடுகிறேன்’ என்று படிவத்தில் நேர்மையாக எழுதிக் கொடுத்தாள். விதியில் அதற்குத் தடை எதுவும் இல்லை. பாட்டு அதே படகுத்துறைப் பாட்டு. இழுக்காமல், கெஞ்சாமல் பாடினாள். எனக்குப் பக்கம் புரட்டவே மறந்துவிடும் போல இருந்தது.

மால்ஹோ படிவத்தை எடுத்துப் பார்த்தார். காதில் கேட்காததைக் காகிதத்தில் கண்டுபிடித்தார்.

“இது எஃப் மைனரே இல்லையே! அந்த இருட்டு எங்க? பாட்டைக் கொன்னுட்டே!”

“இப்பத்தான் காய்ச்சல் விட்டுச்சு, ப்ரொஃபசர்...”

“கலைக்குக் காய்ச்சல் வராது! கெட்லர், நீங்களும் வண்டிமாடு மாதிரி இழுத்தீங்க. இதுக்கு நான் தேர்ச்சி போட மாட்டேன்.” மற்ற இரண்டு தேர்வாளர்களும் தலைகுனிந்து பேனாவை எடுத்தார்கள். அவர் போதாதென்று எழுந்து பியானோவருகே வந்தார். “எப்படிப் பாடணும்னு கேட்டுக்கோ. ஆரம்பிங்க, கெட்லர்.”

ரோஸ்விட்டா ஆரம்பித்தாள். முதல் சுரத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. தாளில் இருந்ததுதான் விரலிலும் இருந்தது.

இரண்டு சரணம் சமாளித்தார், கழுத்து நரம்பு புடைக்க. மூன்றாவதில் உச்ச சுரத்துக்கு ஏறியவர் குரல் கிறீச்சிட்டு நின்றது.

“பியானோ... பியானோ சுருதி ஏறிக்கிடக்கு!”

“இல்லீங்க, ப்ரொஃபசர். நேத்துத்தான் சரிபண்ணினாங்க” என்றாள் ரோஸ்விட்டா. “ஏழு வருஷத்துல இன்னிக்குத்தான் உங்களுக்கு நோட்டுல இருக்கறபடி வாசிச்சேன்.”

அந்த அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. தேர்வாளர்களில் முதலில் கையெழுத்துப் போட்டது ஆர்கன் வாசிக்கும் தோர்ன்புஷ் அம்மாள், தேர்ச்சி என்று. அடுத்தவரும் போட்டார். மால்ஹோ தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ரோஸ்விட்டா ஜெயித்த சந்தோஷத்தில் இருப்பாள் என்று நினைத்து நடைவழிக்கு ஓடினேன். ஜன்னலோரம் நின்று தேம்பிக்கொண்டிருந்தாள். அவள் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்றுதான்.

“ஏழு வருஷம் அந்தாளு மானத்தைப் பொத்திப் பொத்தி வெச்சேன். ஒரு வார்த்தை வெளிய விடல. ஒரு பொண்ணுக்கு, ஒரே ஒரு நாளைக்கு, அரை சுரம் விட்டுக்கொடுக்க முடியலையாடி அவருக்கு?”