ஏழாம் வரிசை சீத்தா

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்கு வெளியே கல்வராயன் மலைச் சீத்தாப்பழம் கூடை கூடையாக வந்து இறங்கியிருந்தது. ஒன்றை வாங்கி நின்றபடியே தின்றேன். கொட்டைகளைத் துப்பாமல் உள்ளங்கையில் சேர்த்து எண்ணிக்கொண்டிருந்ததைப் பழக்காரம்மா ஒரு மாதிரியாகப் பார்த்தார். பழவியல் விஞ்ஞானி என்று சம்பளம் வாங்கிய காலத்துக் கெட்ட பழக்கம் இது. கல்யாணப் பந்தியில்கூட விடுவதில்லை.

வடக்கனந்தல் பக்கத்தில் ஒரு பண்ணையில் இருந்தேன். கொட்டை குறைவாக, சதை கெட்டியாக, நாலு நாள் வைத்தாலும் வெடிக்காத சீத்தா ஒன்றை உருவாக்குவது என் வேலை. வேலை என்றா சொன்னேன்? வெறி. மலைமேல் ஒருவர் கொல்லையில் நின்ற மரத்தின் மகரந்தம்தான் ஆதாரம். சீத்தாப்பூவில் பெண்பாகம் முதலில் தயாராகும், மகரந்தம் பிறகுதான் உதிரும். அதனால் முதல்நாள் சேர்த்து வைத்த மகரந்தத்தை மறுநாள் விடியலில் தூரிகையால் தடவ வேண்டும். என் விரல்கள் முரட்டு விரல்கள், பத்துப் பூவில் எட்டை உதிர்த்துவிடுவேன். தடவியது முழுக்க அஞ்சலையக்கா. தினக்கூலிக்கு வந்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

"நவுருங்க சார், நீங்க மோந்து பாத்துகினு நில்லுங்க போதும்" என்பார். அந்தப் பூவின் வாசனை இன்றும் எங்காவது வந்தால் அவர் முகம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

அப்படிப் பிறந்த நூற்றுக்கணக்கான கன்றுகளில் ஒன்றே ஒன்று தேறியது. ஏழாம் வரிசை, பதினொன்றாம் மரம். முதல் பழத்தை ஆளுக்குப் பாதியாகத் தின்றோம். அஞ்சலையக்கா சதையை நாக்கால் துழாவித் துழாவிப் பார்த்தார். அப்புறம், "இன்னா சார் இது, கொட்டையத் தேட வேண்டியதா கீது" என்றார். நான் அழுதுவிட்டேன், வெட்கமில்லாமல்.

ஆனால் எடை போடப் பழம் மிஞ்சினால்தானே? பார்வையிட வரும் பெரிய மனிதர்கள், நான் மரத்தில் அடையாளம் எழுதிக் கட்டியிருந்த தகரச் சீட்டைப் படித்துவிட்டு அந்த மரத்துப் பழமாகப் பார்த்துப் பை நிறைய வாங்கிப் போவார்கள். பொறுக்கமாட்டாமல் ஒரு காரியம் செய்தேன். சீட்டைக் கழற்றிப் பக்கத்திலிருந்த உதவாக்கரை மரத்தில் கட்டினேன். பதிவேட்டில் நல்ல மரத்தின் கணக்கு, சீட்டோ கெட்ட மரத்தில். விஷயம் எனக்கும் அஞ்சலையக்காவுக்கும் மட்டும் தெரியும். கெட்ட மரத்துப் பழத்தைத் தின்றுவிட்டு "அபாரமான ரகம்" என்று பாராட்டியவர்களை நினைத்து இருவரும் எவ்வளவு சிரித்திருப்போம்!

மூன்று காய்ப்பு பார்த்த பிறகுதான் ஒட்டுக்கன்று கட்டி மரத்தைப் பெருக்குவது, அதுவரை அந்த ஒரு மரம்தான் என்பது என் பிடிவாதம். மூன்றாவது காய்ப்புக்கு முன் மேலதிகாரியோடு சண்டை. தெற்கே தூக்கியடித்தார்கள். என் இடத்துக்கு வந்தவர் சின்ன வயசு. ரகத்தைத் தன் பேரில் வெளியிட்டுவிடுவான் என்ற எரிச்சலில் சீட்டு விஷயத்தைச் சொல்லாமலே கிளம்பினேன்.

மாசியில் அவர் போன் செய்தார். மரங்கள் இலை கொட்டி மொட்டையாக நிற்கும் மாதம், காய் பார்த்துக் கண்டுபிடிக்கவும் வழியில்லை.

"சார், ஏழு பதினொன்னு, சீட்டு தொங்குற மரம்தானே?"

"ஆமா."

"அஞ்சலம்மா பக்கத்து மரத்தக் காட்டுறாங்க சார். பிடிவாதமா நிக்கிறாங்க."

"அவங்களுக்கு என்ன தெரியும்? சீட்டுல இருக்கறதுதான்."

போனை வைத்தபோது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. இருட்டில் தடவட்டும், என்றைக்காவது நான் திரும்பி வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று நினைத்தேன். புதுக் கட்டடத்துக்காக அந்தத் துண்டு நிலத்தையே காலி செய்யப் போகிறார்கள், ஒரே ஒரு மரத்தைத்தான் விட்டுவைப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் போனேன். உதவாக்கரை மரத்தைச் சுற்றி அழகாகக் கம்பிவேலி போட்டிருந்தார்கள். அஞ்சலையக்கா களைக்கொத்தைக் கீழே வைக்காமலே பேசினார்.

"மெஷினு வந்தப்போ மரத்தக் கட்டிப் புடிச்சிகினு நின்னேன் சார். உங்க சாரே சொல்லிட்டாரு, உனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு, நவுரும்மான்னாங்க. நவுந்துட்டேன்."

மகரந்தம் தந்த மரத்தையாவது பிடிக்கலாமென்று மலையேறினேன். அந்தக் கொல்லை முழுக்க மரவள்ளி. மரம் நின்ற இடத்தைக் காட்டக்கூட ஆளில்லை.

அஞ்சலையக்கா போன ஐப்பசியில் இறந்துபோனார். எது அந்த மரம், என்ன அதன் ருசி என்று சேர்த்துச் சொல்லத் தெரிந்த வாய் உலகத்தில் இனி ஒன்றுதான் மிச்சம். அவருக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்ன வாய் அது.