இருபத்தைந்து டிகிரி

ஆய்வுக்கூடத்தில் அவளை ‘இருபத்தஞ்சக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பூஞ்சை வளர்க்கும் பெட்டியின் சூட்டை யாராவது இருபத்தைந்து டிகிரியிலிருந்து நகர்த்திவிட்டால் போதும், வரிந்து கட்டிக்கொண்டு சண்டைக்கு வந்துவிடுவாள். பயிர்களைக் கொல்லும் பூஞ்சைகளைக் கண்ணாடித் தட்டுகளில் ஊட்டி வளர்ப்பதுதான் அவள் உத்தியோகம்.

“என் வீட்டுக்காரரே இவ்வளவு கவனிப்பைப் பார்த்ததில்ல” என்று அவளே சிரிப்பாள்.

ஒருநாள் அவளுடைய அண்ணன், வாடிப்போன தக்காளிச் செடி ஒன்றை வேரோடு பிடுங்கிவந்து அவள் மேசைமேல் வைத்தார். கண்கள் வீங்கியிருந்தன.

“தோட்டம் முழுக்க இப்படித்தான் பாப்பா. இன்னொரு தடவை போச்சுன்னா குத்தகைய விட்டுட வேண்டியதுதான். நீதான் ஒரு வழி சொல்லணும்.”

தண்டுக்குள்ளிருந்த பூஞ்சையைப் பிரித்தெடுத்து வளர்த்தாள். அதைத் தின்று அழிக்கக்கூடிய நல்ல பூஞ்சை ஒன்றையும் அதே தட்டில் எதிரே விட்டாள். நல்லது ஊர்ந்து வந்து கெட்டதின் மேல் ஏறி மூடிவிட்டது. அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

“இத மண்ணுல கலந்துட்டு தைரியமா நடுண்ணே. நான் இருக்கேன்ல?”

அவளை நம்பி அவர் நட்டார். காய் பிடிக்கிற நேரத்தில் வெயில் ஏறியது. செடிகள் வரிசை வரிசையாகத் துவண்டு விழுந்தன.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அண்ணனின் மண் என்ன, இந்தப் பெட்டிக்குள்ளா இருக்கிறது? தன் கையாலேயே சூட்டை முப்பத்திரண்டுக்கு ஏற்றி, இரண்டு பூஞ்சைகளையும் மறுபடி எதிரெதிரே விட்டாள். நல்லது பாதி வழியில் நின்றுபோனது. கெட்டது தட்டை நிறைத்தது. ஒரே வாரத்தில் தெரிந்துவிட்ட விஷயம்! முன்பே பார்த்திருக்கலாம், தோன்றவே இல்லை. கழுவும் தொட்டியருகே நின்று வாய்விட்டு அழுதாள்.

நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தூரத்தில் ஒரு கம்பெனியில் காவல் வேலைக்குக் கிளம்பிய அண்ணன், சொல்லிக்கொண்டு போக வந்தார். நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, கெட்டது நிறைந்திருந்த அந்தத் தட்டை மூடியோடு அவர் கையில் கொடுத்தாள்.

“வெயில்ல எப்படி வளரும்னு நான் பார்க்கவே இல்லண்ணே. என் தப்புதான்.”

தட்டு முழுக்க வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பஞ்சுபோல் அடர்ந்திருந்தது. அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். முகத்தில் கோபத்தைத் தேடினாள், காணோம்.

“என் தோட்டத்துல எதுவுமே இவ்வளவு செழிப்பா வளரலையே பாப்பா” என்றார்.